வேர்ட் மேக்ரோவிலிருந்து மின்னஞ்சல்: எச்சரிக்கைப் பெட்டிகள் குறுக்கிடாதபடி அமைக்கும் முறை

ஒரு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், 80 வீட்டுக்காரர்களுக்கு மாதந்தோறும் பராமரிப்புக் கட்டண நினைவூட்டலை அனுப்ப வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடிதம் வேர்டில் இருக்கிறது. பெயர், மின்னஞ்சல் முகவரி, தொகை ஆகியவை அதே ஆவணத்தின் இறுதியில் ஓர் அட்டவணையாக இருக்கின்றன. இதற்கு ஒரு மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல், எழுதினால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். ஆனால் சில கணினிகளில் முதல் கடிதம் கிளம்பும்போதே, ஏதோ ஒரு நிரல் உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்ப முயல்கிறது, அனுமதிக்கலாமா என்று அவுட்லுக் ஒரு பெட்டியைக் காட்டும். அதிலுள்ள 'அலவ்' பொத்தான் 5 வினாடிகளுக்கு அழுத்த முடியாதபடி மங்கலாகவே இருக்கும். 80 கடிதங்களுக்கு 80 முறை இப்படிக் காத்திருப்பதைவிடக் கையாலேயே அனுப்பிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு.

இந்தப் பெட்டியை எப்படி வாயடைப்பது என்பதையே பலரும் முதலில் தேடுகிறார்கள். பெட்டி எழக் காரணமான செயலை மேக்ரோ செய்யாதபடி வேலையை அமைத்துக்கொள்வது அதைவிட எளிது. கணினியின் பாதுகாப்பையும் அது குலைக்காது. இந்தக் கட்டுரை அந்த வழியையே விளக்குகிறது. விண்டோஸ் கணினியில் வேர்டும் பழைய முறை அவுட்லுக்கும் நிறுவியிருப்பவர்களுக்கு இது பொருந்தும். கட்டளைப் பெயர்களை அவற்றின் ஒலிப்பில் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். மேக்ரோ எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சிட வேண்டும்.

இந்தக் காவல் ஏன் வந்தது

1999 மார்ச்சில் பரவிய மெலிசா என்ற நச்சுநிரல், ஒரு வேர்ட் மேக்ரோதான். ஆவணத்தைத் திறந்தவுடன் அது அவுட்லுக்கை இயக்கி, முகவரிப் புத்தகத்தின் முதல் 50 முகவரிகளுக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு வந்த, தானாகப் பரவும் கணினிப் புழுவும் முகவரிப் புத்தகத்தைத்தான் சூறையாடியது. அதற்கு அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் அவுட்லுக் 98, 2000 ஆகியவற்றுக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. அவுட்லுக் 2002 முதல் அது மென்பொருளுக்குள்ளேயே அமைந்துவிட்டது. நம் செயலாளர் எழுதும் நேர்மையான மேக்ரோவும் மெலிசாவும் செய்யும் வேலை, அவுட்லுக்கின் பார்வையில் ஒன்றேதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் கட்டுப்பாடுகள் புரியும்.

இந்தக் காவல் எல்லாச் செயல்களையும் தடுப்பதில்லை. புதிய மின்னஞ்சலை உருவாக்குவது, பெறுநர் முகவரியை எழுதுவது, பொருள் வரியையும் உள்ளடக்கத்தையும் நிரப்புவது, கோப்பை இணைப்பது, திரையில் காட்டுவது, வரைவாகச் சேமிப்பது ஆகியவற்றுக்கு அது குறுக்கே நிற்பதில்லை. அனுப்பும் கட்டளையை இடுவது, முகவரிப் புத்தகத்தைத் துழாவுவது, மின்னஞ்சலின் முகவரிகளையும் உள்ளடக்கத்தையும் நிரல் வழியாகப் படிப்பது ஆகியவையே அதன் கண்ணை உறுத்துகின்றன. சுருங்கச் சொன்னால் எழுதலாம். படிப்பதும் அனுப்புவதும்தான் கேள்விக்குள்ளாகும்.

முதலில் கணினியைச் சோதியுங்கள்

மேக்ரோ எழுதத் தொடங்கும் முன் கணினியில் எந்த அவுட்லுக் இருக்கிறது என்று பாருங்கள். விண்டோசுக்கான 'நியூ அவுட்லுக்' வெளி நிரல்களின் கட்டளைகளை ஏற்பதில்லை. வேர்ட் மேக்ரோவால் அதை இயக்க வழியே கிடையாது. திரையின் மேல் வலது மூலையில் 'நியூ அவுட்லுக்' என்ற மாற்றுப் பொத்தான் இயங்கிக்கொண்டிருந்தால், அதை நிறுத்திப் பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டும். பழைய பதிப்பு கணினியில் நிறுவப்படவே இல்லை என்றால், இறுதியில் சொல்லப்படும் மாற்று வழிகளுக்கு நேரே செல்லலாம். பழைய பதிப்புக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது.

அடுத்ததாக, அவுட்லுக்கில் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'டிரஸ்ட் சென்டர்', 'டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ்' என்று வரிசையாகச் சென்று 'புரோகிராமேட்டிக் ஆக்சஸ்' என்ற பகுதியைத் திறவுங்கள். அதில் மூன்று தெரிவுகள் இருக்கும். ஆன்டிவைரஸ் இயங்காவிட்டாலோ காலாவதியாகியிருந்தாலோ மட்டும் எச்சரி என்பது முதல் தெரிவு, பரிந்துரைக்கப்படுவதும் அதுவே. எப்போதும் எச்சரி என்பது இரண்டாவது. ஒருபோதும் எச்சரிக்காதே என்பது மூன்றாவது. அதே பக்கத்தின் அடியில் ஆன்டிவைரஸின் தற்போதைய நிலையும் காட்டப்படும். அவுட்லுக் 2007 முதல் நடைமுறை இதுதான்: முதல் தெரிவு அமைந்திருந்து, ஆன்டிவைரஸ் செல்லுபடியாகிறது என்று விண்டோஸ் தெரிவித்தால், வேர்ட் மேக்ரோ அனுப்பும் கட்டளையை இட்டாலும் பெட்டி எழாது.

ஆகவே எச்சரிக்கைப் பெட்டி வருகிறது என்று முறையிடும் பெரும்பாலான கணினிகளில் உண்மையான கோளாறு ஆன்டிவைரஸில் இருக்கிறது. கட்டணச் சந்தா முடிந்துபோன ஒரு மென்பொருள் கணினியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்கிவிட்டு விண்டோசின் சொந்தப் பாதுகாப்பை இயக்கிப் புதுப்பித்தால், ஒரு வரி நிரலைக்கூட மாற்றாமல் பெட்டி நின்றுவிடும். விண்டோஸ் சர்வரில் அவுட்லுக்கை இயக்குபவர்களுக்கு மட்டும் இந்த வழி உதவாது. ஆன்டிவைரஸின் நிலையைத் தெரிவிக்கும் பகுதி அந்த இயங்குதளத்தில் இல்லாததால், எவ்வளவு நல்ல பாதுகாப்பு இருந்தாலும் அவுட்லுக் அதை அறியாது.

மூன்றாவது தெரிவைப் பலர் பரிந்துரைப்பதைப் பார்க்கலாம். அதை மாற்ற நிர்வாகி உரிமை தேவை, சாதாரணமாகத் திறந்தால் அந்தப் பொத்தான்கள் மங்கலாகவே இருக்கும். உரிமை இருந்தாலும் அதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தக் கதவு நம் மேக்ரோவுக்கு மட்டும் திறப்பதில்லை; அந்தக் கணினியில் நுழையும் எந்த நிரலுக்கும் திறந்தே கிடக்கும். 'அலவ்' பொத்தானைத் தானாக அழுத்திவிடும் சிறு மென்பொருள்களுக்கும் இது பொருந்தும்.

மேக்ரோவே இயங்காமல் தடுக்கும் பட்டை

அவுட்லுக்கின் பெட்டிக்கு முன்னதாகவே வேர்ட் ஒரு தடையைப் போடக்கூடும். இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ வந்த கோப்புகளிலுள்ள மேக்ரோக்களை 2022 முதல் ஆஃபிஸ் மென்பொருள்கள் இயல்பாகவே தடுத்துவிடுகின்றன. ஆவணத்தின் மேல் ஒரு சிவப்புப் பட்டை தோன்றும், அதில் அனுமதிப்பதற்கான பொத்தானும் இருக்காது. உங்கள் கணினியிலேயே நீங்கள் உருவாக்கிய கோப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. சக ஊழியர் அனுப்பிய கோப்பாக இருந்தால், முதலில் அது உண்மையில் அவர் அனுப்பியதுதானா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, கோப்பின் மேல் வலது சொடுக்கி, 'புராப்பர்ட்டீஸ்' பெட்டியில் 'அன்பிளாக்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

நாள்தோறும் பயன்படுத்தும் கோப்புக்குத் தனி அடைவு ஒன்றை உருவாக்கி, வேர்டின் டிரஸ்ட் சென்டரில் 'டிரஸ்டட் லொக்கேஷன்ஸ்' பட்டியலில் அதைச் சேர்ப்பது நல்லது. அந்த அடைவிலிருந்து திறக்கப்படும் ஆவணங்களின் மேக்ரோக்கள் கேள்வியின்றி இயங்கும். பதிவிறக்கங்கள் விழும் 'டவுன்லோட்ஸ்' அடைவையே அப்படிச் சேர்த்துவிடுவோர் உண்டு; அது வாசற்படியில் சாவியை வைத்துவிட்டுப் போவதற்கு ஒப்பானது. ஆவணத்தை 'டாக்எம்' வகையில் சேமிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். வழக்கமான 'டாக்எக்ஸ்' வகையில் சேமித்தால் மேக்ரோ கோப்போடு போகாது.

ஆவணத்தைத் தயார்செய்தல்

தமிழில் கடிதம் அனுப்புபவர்கள் ஆங்கில வழிகாட்டிகளில் காணாத ஒரு சிக்கலை இங்கே சந்திப்பார்கள். வேர்ட் ஆவணம் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யுனிகோடில் இயங்கினாலும், அதன் மேக்ரோ எடிட்டர் இன்னும் பழைய எழுத்துக் குறியாக்க முறையிலேயே நிற்கிறது. விண்டோசின் அந்தப் பழைய முறையில் தமிழுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. ஆகவே மேக்ரோவுக்குள் மேற்கோள் குறிகளுக்கிடையே 'பராமரிப்புக் கட்டணம்' என்று எழுதினால் அது கேள்விக்குறிகளின் வரிசையாக மாறிவிடும். அந்தக் கேள்விக்குறிகளே பெறுநருக்கும் போய்ச் சேரும். மேக்ரோ காட்டும் செய்திப் பெட்டியிலும் தமிழ் இதே கதிக்கு உள்ளாகும்.

தீர்வு எளியது. ஒரு தமிழ் எழுத்தைக்கூட மேக்ரோவுக்குள் எழுதாமல், பொருள் வரி, வாழ்த்து, உடல்பகுதி, கையொப்பம் என எல்லாவற்றையும் வேர்ட் ஆவணத்திலேயே வைத்து, மேக்ரோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். ஆவணத்திலிருந்து எடுக்கும் உரை யுனிகோடாகவே அவுட்லுக்குக்குச் செல்லும், வழியில் சிதையாது. இதனால் வேறொரு நன்மையும் உண்டு. கடித வாசகத்தை மாற்ற விரும்பும் செயலாளர் மேக்ரோவைத் தொடாமல் ஆவணத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கடிதமாக இருந்தால் முதலில் அதை யுனிகோடுக்கு மாற்றுங்கள். அந்த எழுத்துரு இல்லாத பெறுநருக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும்.

ஆவணத்தில் இந்தப் பகுதிகளைக் குறிக்கப் பலர் 'புக்மார்க்' பயன்படுத்துகிறார்கள். அதற்குள் புதிய உரையை மேக்ரோ எழுதியவுடன் புக்மார்க் அழிந்துபோகும் என்பதால், இரண்டாவது பெறுநருக்கு வரும்போது மேக்ரோ திணறும். 'டெவலப்பர்' பட்டையிலுள்ள 'கன்டென்ட் கன்ட்ரோல்', அதாவது உரையை நிரப்புவதற்கான பெயரிட்ட பெட்டி, இதற்கு ஏற்றது. பொருள் வரி, உடல்பகுதி, பெயர், தொகை ஆகியவற்றுக்குத் தனித்தனியாக ஒன்றை வைத்து, 'புராப்பர்ட்டீஸ்' பகுதியில் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு தலைப்பைக் கொடுங்கள். பெயரும் தொகையும் உடல்பகுதிக்குள்ளேயே வர வேண்டியிருப்பதால், உடல்பகுதிக்கு 'ரிச் டெக்ஸ்ட்' வகையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வகைக்குள்தான் மற்றவற்றை வைக்க முடியும். பெறுநர் அட்டவணையில் முதல் வரிசை தலைப்புகளுக்கு. கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்காமல் சீராக வைத்திருங்கள்.

மேக்ரோவை எழுதுதல்

ஆல்ட் விசையோடு எஃப்11 அழுத்தினால் எடிட்டர் திறக்கும். 'இன்சர்ட்' மெனுவில் 'மாட்யூல்' ஒன்றைச் சேர்த்து, அதன் முதல் வரியில் 'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' என்று எழுதுங்கள். பெயரைத் தவறாகத் தட்டச்சிட்டால் அது உடனே காட்டிக்கொடுக்கும். பழகும் காலத்தில் 'டூல்ஸ்' மெனுவின் 'ரெஃபரன்சஸ்' பட்டியலில் அவுட்லுக் ஆப்ஜெக்ட் லைப்ரரியைச் சேர்த்துக்கொண்டால், புள்ளி வைத்தவுடன் பொருந்தும் கட்டளைகள் பட்டியலாக வரும். கோப்பைப் பிறருக்குக் கொடுக்கும் முன் அந்த இணைப்பை நீக்கிவிட்டு, மாறிகளை (மதிப்புகளைத் தாங்கும் பெயர்களை) பொதுவான 'ஆப்ஜெக்ட்' வகையாக அறிவித்துவிடுங்கள். வேறு பதிப்பு உள்ள கணினியில் அந்த இணைப்பு காணாமற்போய், மேக்ரோ முதல் வரியிலேயே நின்றுவிடுவதை இது தவிர்க்கும்.

தொடக்கத்தில் 'கிரியேட்ஆப்ஜெக்ட்' கட்டளையால் 'அவுட்லுக்.அப்ளிகேஷன்' என்ற பொருளைப் பெறுங்கள். அவுட்லுக் ஒரே நேரத்தில் ஒருமுறை மட்டுமே இயங்கும் என்பதால், அது ஏற்கெனவே திறந்திருந்தால் இந்தக் கட்டளை அதையே பற்றிக்கொள்ளும். அவுட்லுக்கை முன்கூட்டியே திறந்து வைத்திருப்பதுதான் சரி. மூடிய நிலையில் மேக்ரோவே அதைத் திறந்தால், மேக்ரோ முடிந்தவுடன் அவுட்லுக்கும் மூடிக்கொள்ள, அனுப்பிய கடிதங்கள் 'அவுட்பாக்ஸ்' அடைவில் தேங்கிக் கிடக்கும்.

பிறகு அட்டவணையின் 2ஆம் வரிசை முதல் கடைசி வரிசை வரை ஒரு 'ஃபார்' சுழற்சி. ஒவ்வொரு சுற்றிலும் பெயர், முகவரி, தொகை ஆகிய கட்டங்களின் உரையை எடுக்க வேண்டும். வேர்டில் ஒவ்வொரு கட்டத்தின் உரைக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாத 2 குறியீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அவை கட்டத்தின் முடிவைக் குறிப்பவை. 'லெஃப்ட்' கட்டளையால் கடைசி 2 எழுத்துகளை வெட்டிவிட்டு, 'டிரிம்' கட்டளையால் இருபுற இடைவெளிகளையும் நீக்குங்கள். புதியவர்கள் எழுதும் மேக்ரோக்களில் முகவரி சரியாக இருந்தும் அவுட்லுக் அதை ஏற்க மறுப்பதற்கு இந்த 2 குறியீடுகளே பெரும்பாலும் காரணம்.

எடுத்த பெயரையும் தொகையையும் உரிய கன்டென்ட் கன்ட்ரோல்களில் எழுதுங்கள். 'செலக்ட்கன்டென்ட்கன்ட்ரோல்ஸ்பைடைட்டில்' என்ற நீண்ட கட்டளை தலைப்பைக்கொண்டு அவற்றைக் கண்டுபிடித்துத் தரும். இப்போது உடல்பகுதியின் உரையை எடுத்தால் அது இந்தப் பெறுநருக்குரிய முழுக் கடிதமாக இருக்கும். வேர்டில் பத்தி முடிவைக் குறிக்க ஒற்றைக் குறியீடு மட்டுமே இருப்பதால், 'ரீப்ளேஸ்' கட்டளையால் அதை 'விபிசிஆர்எல்எஃப்' என்ற இரட்டை வரிமுடிவுக் குறியீடாக மாற்றிவிட வேண்டும். இல்லையேல் பத்திகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும்.

அவுட்லுக் பொருளிடம் 'கிரியேட்ஐட்டம்' கட்டளையை 0 என்ற எண்ணோடு கொடுத்தால் வெற்று மின்னஞ்சல் பிறக்கும். அதன் 'டூ' பண்பில் முகவரியையும், 'சப்ஜெக்ட்' பண்பில் பொருள் வரியையும், 'பாடி' பண்பில் கடிதத்தையும் எழுதுங்கள். 'இன்டர்நெட்கோட்பேஜ்' பண்பில் 65001 என்று கொடுத்தால் கடிதம் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் செல்லும். தமிழுக்கு இது ஒரு கூடுதல் உறுதி. முகவரியை 'டூ' பண்பில் எழுதிவிட்ட பிறகு, சரியாக எழுதப்பட்டதா என்று அதே பண்பை மேக்ரோவில் படித்துப் பார்க்காதீர்கள். முகவரியைப் படிப்பது காவலை எழுப்பும் செயல். சோதிக்க வேண்டுமானால், அட்டவணையிலிருந்து எடுத்த உங்கள் சொந்த மாறியைச் சோதியுங்கள்.

அவுட்லுக்கின் கையொப்பத்தைச் சேர்க்கப் பரவலாகச் சொல்லப்படும் உத்தியிலும் இதே பொறி இருக்கிறது. மின்னஞ்சலை முதலில் திரையில் காட்டி, கையொப்பத்தோடு கூடிய உள்ளடக்கத்தைப் படித்து, அதன் முன்னால் நம் உரையைச் சேர்த்துத் திரும்ப எழுதுவது அந்த உத்தி. அதில் படிக்கும் செயல் இருப்பதால், ஆன்டிவைரஸ் சரியில்லாத கணினியில் பெட்டி வந்துவிடும். கையொப்பத்தை ஆவணத்தின் உடல்பகுதியிலேயே வைத்திருந்தால் இந்தச் சுற்றுவழி தேவைப்படாது.

கடிதத்தோடு ரசீதையோ அறிக்கையையோ இணைக்க வேண்டுமானால், 'எக்ஸ்போர்ட்ஆஸ்ஃபிக்ஸ்டுஃபார்மேட்' கட்டளையால் பிடிஎஃப் ஆக்கி, கணினியின் உள்ளூர் அடைவு ஒன்றில் வைத்து, அதன் முழுப் பாதையை 'அட்டாச்மென்ட்ஸ்.ஆட்' கட்டளைக்குக் கொடுங்கள். அட்டவணை அதே ஆவணத்தில் இருப்பதால், எந்தப் பக்கங்களை ஏற்றுமதி செய்வது என்பதையும் அந்தக் கட்டளையில் குறிப்பிட வேண்டும். மறந்தால் 80 பேரின் முகவரிகளும் நிலுவைத் தொகைகளும் ஒவ்வொருவருக்கும் போய்விடும். வேர்ட் ஆவணத்தையே இணைப்பது இன்னும் மோசம். ஒன்டிரைவில் உள்ள ஆவணத்தின் பாதையைச் சொல்லும் 'ஃபுல்நேம்' பண்பு ஓர் இணைய முகவரியைத் தரும் என்பதால், அந்த வழி பல நேரங்களில் பிழையிலும் முடியும்.

சேமிப்பதா, காட்டுவதா, அனுப்புவதா

கடைசி வரியில் மூன்று கட்டளைகளில் ஒன்று வரும். 'டிஸ்ப்ளே' மின்னஞ்சலைத் திரையில் திறந்து வைக்கும்; ஓரிரு கடிதங்களுக்கு அதுவே போதும். 80 சாளரங்கள் ஒரே நேரத்தில் திறந்தால் கணினி தள்ளாடும். 'சென்ட்' உடனே அனுப்பிவிடும். காவல் விழித்திருந்தால் பெட்டி வரும். 'சேவ்' மின்னஞ்சலை 'டிராஃப்ட்ஸ்' அடைவில் வரைவாக வைக்கும். எந்தக் கணினியிலும், ஆன்டிவைரஸ் எந்த நிலையிலிருந்தாலும், பெட்டி எழாது.

புதியவர்கள் 'சேவ்' கட்டளையையே பயன்படுத்த வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். 80 வரைவுகள் அடைவில் வந்து நின்றதும், செயலாளர் நாலைந்தைத் திறந்து பெயரும் தொகையும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக அனுப்பலாம். திறந்து ஆல்ட் விசையோடு எஸ் அழுத்துவது ஒரு கடிதத்துக்குச் சில வினாடி வேலைதான். அட்டவணையில் ஒரு வரிசை நகர்ந்து, ஒருவரின் நிலுவைத் தொகை இன்னொருவருக்குச் சென்றுவிட்டால் வரும் சங்கடத்தோடு ஒப்பிட்டால், இது சிரமமே இல்லை.

நம்பிக்கை ஏற்பட்ட பிறகு 'சென்ட்' கட்டளைக்கு மாறுபவர்கள், அதற்கு முந்தைய வரியில் 'டிஃபர்டுடெலிவரிடைம்' பண்பில் தற்போதைய நேரத்துக்கு 15 நிமிடம் பிந்திய நேரத்தைக் கொடுத்துவிடலாம். அதுவரை கடிதங்கள் அவுட்பாக்ஸில் காத்திருக்கும். பிழை கண்டால் நீக்கிவிட முடியும். மைக்ரோசாஃப்டின் அலுவலக மின்னஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் அல்லாத கணக்குகளில் அந்த நேரம் வரை அவுட்லுக் திறந்திருக்க வேண்டும். அனுப்பும் வேகத்திலும் கட்டுப்பாடு உண்டு: எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் நிமிடத்துக்கு 30 கடிதங்கள் வரை ஏற்கும், தனிநபர் ஜிமெயில் கணக்கு நாளொன்றுக்கு 500 வரை.

வேர்டின் சொந்தக் கேள்விகள்

கன்டென்ட் கன்ட்ரோல்களை மேக்ரோ நிரப்பிக்கொண்டே போவதால், ஆவணத்தை மூடும்போது மாற்றங்களைச் சேமிக்கலாமா என்று வேர்ட் கேட்கும். மேக்ரோவின் இறுதியில் ஆவணத்தின் 'சேவ்டு' பண்பை 'ட்ரூ' ஆக்கிவிட்டால் அந்தக் கேள்வி எழாது. மூல ஆவணமும் பழைய நிலையிலேயே இருக்கும். நீங்களே செய்த திருத்தங்கள் இருந்தால், அவற்றை மேக்ரோவை இயக்கும் முன் சேமித்துக்கொள்ள வேண்டும்.

'டிஸ்ப்ளேஅலர்ட்ஸ்' பண்பை 0 ஆக்கினால் வேர்டின் பிற கேள்விகள் பலவும் அடங்கும். மேக்ரோ முடிந்தாலும் வேர்ட் அதைத் தானாகப் பழைய நிலைக்குத் திருப்பாது. ஆகவே இறுதியில் –1 என்று மாற்றும் வரி கட்டாயம் தேவை, பிழை நேர்ந்து இடையில் வெளியேறும் பாதையிலும் அந்த வரி இருக்க வேண்டும். இந்தப் பண்புக்கு அவுட்லுக்கின் காவல்மீது எந்த அதிகாரமும் இல்லை என்பதை அறியாமல், இதை எழுதிவிட்டுப் பெட்டி ஏன் இன்னும் வருகிறது என்று குழம்புவோர் மிகுதி.

'ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்ற வரியை மேக்ரோவின் தலையில் எழுதிப் பிழைகளை மறைத்துவிடும் பழக்கமும் கூடாது. 80 கடிதங்களில் எவை உருவாகவில்லை என்பதே தெரியாமல் போகும். பிழை எண்ணைக் காட்டச் செய்தால் அதுவே வழி சொல்லும். 287 வந்தால் பெரும்பாலும் பெட்டியில் யாரோ அனுமதி மறுக்கும் 'டினை' பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். 429 என்றால் பழைய அவுட்லுக் நிறுவப்படவில்லை, அல்லது வேர்டும் அவுட்லுக்கும் வெவ்வேறு உரிமை நிலைகளில் இயங்குகின்றன. இரண்டையும் மூடிவிட்டு, எதையும் நிர்வாகியாகத் திறக்காமல், சாதாரணமாகத் திறந்து பாருங்கள்.

பழைய அவுட்லுக் இல்லாதவர்களுக்கு

ஒரே ஒரு கடிதத்துக்கு 'ஃபாலோஹைப்பர்லிங்க்' கட்டளையோடு 'மெயில்டூ' முகவரி போதும். கணினியின் இயல்பு மின்னஞ்சல் மென்பொருள் எதுவோ அது திறக்கும், நியூ அவுட்லுக்கும் இதை ஏற்கும். இதில் கோப்பை இணைக்க முடியாது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் இதற்குள் குறைந்தது 9 எழுத்து நீளக் குறியீடாக மாற்றப்படுவதாலும், மொத்த நீளம் ஏறத்தாழ 2000 எழுத்துகளைத் தாண்டினால் பல மென்பொருள்கள் தடுமாறுவதாலும், பொருள் வரியோடு ஓரிரு வாக்கியங்களுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

அவுட்லுக்கையே தொடாமல், விண்டோசில் உள்ள 'சிடிஓ' என்ற பகுதியின் வழியாக மின்னஞ்சல் சேவையகத்துக்கு நேரடியாக அனுப்பும் முறையும் உண்டு. எந்தப் பெட்டியும் வராது என்பதால் பலர் இதை நாடுகிறார்கள். இது சேவையகத்தின் 465 என்ற துறையில் (போர்ட்) மறைகுறியாக்கத்தோடு இயங்கும். இப்போது பரவலாக உள்ள 587 துறையின் முறையை இது அறியாது. ஜிமெயில் கணக்கானால் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் ஒன்றைப் பெற வேண்டும். அந்தக் கடவுச்சொல்லை மேக்ரோவுக்குள் எழுதிவைத்தால், கோப்பு கிடைத்த எவரும் அதைப் படித்துவிட முடியும். மேக்ரோவுக்குப் பூட்டுப் போட்டாலும் அதை உடைப்பது கடினமல்ல. ஆகவே மேக்ரோ இயங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவதுபோல அமைத்துவிடுங்கள். எழும் பெட்டி அது ஒன்று மட்டுமே.